விளையாட்டுத் திடலும் கணக்குப் பாடமும்: செஞ்சியை முன்னிட்டு ஒரு வரலாற்று நோக்கு

செஞ்சிக் கோட்டையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் போர்களையே பேசுவர். 1677இல் சிவாஜி அதனைக் கைப்பற்றியதும், 1690 முதல் 1698 வரை மொகலாயப் படை இராஜாராமை முற்றுகையிட்டதும், 1714இல் தேசிங்கு களத்தில் வீழ்ந்ததும், பின்னர் 1750இல் பிரெஞ்சுக்காரரும் 1761இல் ஆங்கிலேயரும் அதனைப் பிடித்ததும் பள்ளிச் சிறுவரும் அறிந்த செய்திகள். 2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், மராத்தியரின் இராணுவ நிலப்பரப்புகளுள் ஒன்றாக இக்கோட்டை உலக மரபுச் சின்னங்களின் வரிசையில் சேர்க்கப்பெற்றது. நாம் இங்கே எடுத்துக்கொள்ளும் பொருள் போரன்று. இராஜகிரியின் அடிவாரத்தில், கல்யாண மகாலிருக்கும் உள்கோட்டையில், பெரிய தானியக் களஞ்சியம் ஒன்று நிற்கின்றது. உடற்பயிற்சிக் கூடம் என்று வழங்கப்பெறும் கட்டடமும் அதே மதிலுக்குள் உள்ளது. நெல் அளந்த இடமும் உடல் பழகிய இடமும் அண்மையில் அமைந்தமை தற்செயலாகவும் இருக்கலாம். கட்டடங்களின் வரிசையிலிருந்து ஒரு கொள்கையை வருவித்தல் தகாது. ஆயினும் அவ்விரண்டையும் ஒருசேரக் காணும் ஆசிரியர் எவருக்கும் ஒரு வினா எழாமற் போகாது. அளவும் எண்ணும் ஓரிடத்திலும், ஓட்டமும் ஆட்டமும் வேறிடத்திலும் என்று நம் பள்ளிகளில் எப்பொழுது பிரிந்தன? அப்பிரிவினால் இழந்தவர் யார்?

நம் நாட்டுத் திண்ணைப் பள்ளியில் கணக்கு தனியொரு பாடமாக நிற்கவில்லை. எண்சுவடியை மனனம் செய்த பிள்ளை, கால், அரை, முக்கால் என்பவற்றோடு நில்லாமல், அரைக்கால், மாகாணி, மா, காணி என்று இறங்கி, ஒன்றை முந்நூற்றிருபதாய்ப் பகுத்த முந்திரி வரை ஓதினான். இது வீண் பாரமென்று பிற்காலத்தார் நகைத்ததுண்டு. நகைப்பதற்கு முன் அப்பின்னங்கள் எங்கே வழங்கின என்று கேட்டல் வேண்டும். நெல்லளப்பில் எட்டு நாழி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். நிலத்தில் குழியும் மாவும் காணியும். பொன்னுக்கு வேறு நிறை. ரூபாயும் அணாவும் வந்த பின்னரும், பதினாறில் ஒன்றாகிய அணாவை மாகாணி என்றே முதியோர் கணக்கிட்டனர். 1957 ஏப்ரல் முதல் நாள் பதின்ம நாணயமும், அதனையடுத்து மெட்ரிக் அளவைகளும் நடைமுறைக்கு வந்ததோடு அவ்வுலகம் பெரும்பாலும் மறைந்தது. காரி நாயனார் இயற்றிய கணக்கதிகாரத்தில், பலாப்பழத்தின் காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணி ஆறாற் பெருக்கி ஐந்தால் வகுத்தால் சுளைத்தொகை கிடைக்கும் என்றொரு விதி உண்டு. அவ்விதி எல்லாப் பழத்துக்கும் பொருந்துமா என்பது வேறு செய்தி. கையால் தொட்டு எண்ணுவதையும் கண்ணால் மதிப்பிடுவதையும் கணக்கென்று அக்காலத்தார் கொண்டனர் என்பதற்கு அது சான்று.

திண்ணைப் பள்ளியை நாம் பொற்காலமாக வரைய விரும்பவில்லை. பிரம்பும் கோதண்டமும் அங்கே இருந்தன. பிள்ளைகள் அஞ்சி நடுங்கினர். அதனினும் பெரிய குறை, எல்லாப் பிள்ளைகளுக்கும் அங்கே இடமில்லை என்பது. சென்னை மாகாணத்தில் கவர்னர் தாமஸ் மன்றோ 1822இல் கட்டளையிட்டுத் திரட்டிய விவரங்களின்படி 12,498 பள்ளிகளும் ஏறத்தாழ 1,88,000 மாணாக்கரும் இருந்தனர். மக்கள்தொகையோ ஒரு கோடியே இருபத்தெட்டு இலட்சத்துக்கு மேல். அக்காலத்துக்கு இது சிறிய தொகையன்று. ஆனால் வயலில் உழைத்துக் கூலியை நெல்லாய்ப் பெற்ற சேரிமக்களின் பிள்ளைகள் பெரும்பாலும் அத்தொகைக்கு வெளியே நின்றனர். மரக்கால் யார் கையிலிருந்ததோ அவர் சொன்னதே கூலி. ஆமோஸ் தீர்க்கதரிசி எட்டாம் அதிகாரத்தில் மரக்காலைக் குறைத்து விற்போரைக் கண்டிக்கும் பகுதி நம் சிற்றூர்ச் சபைகளுக்கு விளக்கவுரை வேண்டாத பகுதி.

திண்ணையில் இடம் பெறாத சிறுவனுக்கும் தெருவில் ஆட்டம் இருந்தது. கிட்டிப்புள்ளை எடுத்துக்கொள்வோம். இருமுனையும் கூரான சிறு கட்டையைக் கோலால் தட்டியெழுப்பி அடித்து, அது விழுந்த தூரத்தைக் கோலாலேயே அளப்பர். சில ஊர்களில் அளப்பதற்கு முன்னரே அடித்தவன் இத்தனை கோல் என்று கேட்பான். எதிரணி ஒப்புக்கொள்ளலாம், அல்லது அளந்து பார்க்கலாம். கேட்டதற்குக் குறைந்தால் அவன் ஆட்டமிழப்பான். மிகுதியாகக் கேட்டால் அகப்படுவான். குறைத்துக் கேட்டால் தனக்கே நட்டம். மதிப்பீடு, அலகு, பிழையின் எல்லை, எதிராளியின் மனநிலை ஆகிய இவை யாவும் ஒரு மூச்சில் கணிக்கப்படுகின்றன. எழுத்தறியாத பிள்ளை இதனைத் தவறின்றிச் செய்தான். அளவுகோல் அவன் கையிலேயே இருந்தமையால் எவரும் அவனை ஏமாற்ற இயலவில்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். பெண்பிள்ளைகளின் பல்லாங்குழியும் பாண்டியும் இவ்வகையினவே. பதினான்கு குழிகளில் முத்துகளைப் பகிர்ந்து செல்லுகையில் கடைசி முத்து எங்கே விழும் என்பதை முன்னறிபவளே வெல்கிறாள்.

இனி நம் மிஷனெரிமார் இதனை எவ்வாறு கண்டனர் என்பதை நோக்குவோம். 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, தமிழ் பயிலும்பொருட்டுத் திண்ணை ஆசிரியர் ஒருவரைப் பிள்ளைகளோடு தம் இல்லத்திற்கு வரச்செய்து, அப்பிள்ளைகளோடு தரையிலமர்ந்து மணலில் விரலால் எழுதினார். வேத சாஸ்திரம் பயின்ற ஜெர்மானியர் ஒருவர் ஐந்து வயதுப் பிள்ளையின் வரிசையில் அமர்ந்தது நம் திருச்சபை வரலாற்றின் அழகிய நிகழ்ச்சிகளுள் ஒன்று. ஏறத்தாழ எண்பதாண்டுகளுக்குப் பின்னர், எழும்பூர் அநாதைச் சிறுவர் இல்லத்தை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரு பெல் என்னும் குருவானவரும் திண்ணைப் பள்ளியைக் கண்டு அதே மணலைக் கைக்கொண்டார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பிக்கும் சட்டாம்பிள்ளை முறையோடு சேர்த்து அதனை அவர் 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட, 'மதராஸ் முறை' என்று அது இங்கிலாந்தெங்கும் பரவிற்று. கப்பலேறியவை மணலும் சட்டாம்பிள்ளையும். மரக்காலும் முந்திரியும் கரையிலேயே நின்றுவிட்டன. அவை இங்கிலாந்துக்குத் தேவைப்படவில்லை; அது பெல்லின் குற்றமன்று. ஆனால் சில பத்தாண்டுகள் கழித்து அம்முறை அச்சுப்புத்தகத்தோடு நம் நாட்டுக்குத் திரும்பியபொழுது, இங்கேயும் அவை தேவையற்றன போலக் கருதப்பட்டன. நம் இழப்பு அங்கே தொடங்குகின்றது.

செஞ்சியும் திண்டிவனமும் சூழ்ந்த தென்னார்க்காட்டுப் பகுதியில் ஊழியம் செய்தவர்களுள் அமெரிக்கச் சீர்திருத்த சபையாரின் ஆற்காடு மிஷன் முதன்மையானது. ஸ்கடர் சகோதரர்கள் 1853இல் அதனை நிறுவினர். ஆங்கிலக் கல்லூரிகளைக் காட்டிலும் தாய்மொழிப் பிரசங்கத்தையும் சிற்றூர்ச் சபைகளையும் அது தொடக்கத்தில் முன்னிறுத்தியது. சபை தோன்றிய சேரிகளில் ஓலைக்கொட்டகைப் பள்ளியும் தோன்றிற்று, உபதேசியாரே உபாத்தியாயர். திண்ணை மறுத்த பிள்ளைக்கு முதன்முதலாக எண்ணும் எழுத்தும் கிடைத்தது பெரும்பாலும் இத்தகைய பள்ளிகளில்தான். கடன்சீட்டில் எழுதிய தொகையை வாசிக்கவும், அளந்த நெல்லைச் சரிபார்க்கவும் ஒருவன் கற்பது அந்நாளைய கிராமத்தில் சிறிய புரட்சியன்று. இதனை நாம் நன்றியோடு நினைவுகூருதல் தகும்.

ஆனால் பள்ளியை நடத்தப் பணம் வேண்டும். 1854ஆம் ஆண்டின் கல்வி அறிக்கைக்குப் பின் அரசு உதவித்தொகை வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அதன் ஒரு பகுதி தேர்வு முடிவுக்கேற்ற மானியமாக வழங்கப்பெற்றது. ஆய்வாளர் ஆண்டுக்கொருமுறை வருவார். வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றிலும் பிள்ளைகளைச் சோதிப்பார். தேறிய பிள்ளைகளின் கணக்குப்படி பணம் வரும். இம்முறையின் விளைவை ஆசிரியராயிருந்தோர் எவரும் ஊகிக்கலாம். ஆய்வாளர் கேட்பதே கணக்காயிற்று. சிலேட்டில் எழுதி விடை காணக்கூடியதே கேட்கப்பட்டது. கோலை எடுத்து அளப்பதற்கும், தூரத்தை மதிப்பிடுவதற்கும், தவறிய மதிப்பீட்டைத் திருத்திக்கொள்வதற்கும் மதிப்பெண் இல்லை. உடற்பயிற்சியோ 'டிரில்' என்னும் பெயரில், வரிசையில் நின்று கட்டளைக்குக் கை தூக்கும் செயலாகத் தனியே ஒதுங்கிற்று. இவ்வாறு, சேரிப் பிள்ளைக்குப் பள்ளியின் கதவைத் திறந்த அதே கை, அப்பிள்ளை தெருவிலிருந்து கொண்டுவந்த அறிவைக் கதவுக்கு வெளியே வைக்கச் செய்தது. கணக்கு வராத பிள்ளை என்று பெயரெடுத்தவன், மாலையில் கிட்டிப்புள்ளில் ஒருமுறையும் தவறாமல் எண்ணியிருக்கக் கூடும்.

விளையாட்டின்மேல் நமக்கிருந்த ஐயத்துக்கு வேதவசனமும் துணைக்கழைக்கப்பட்டது. தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில் சரீர முயற்சியின் பயன் சிறிதென்று சொல்லப்படுவதைப் பலர் எடுத்தாண்டனர். சிறிதென்று சொல்வது இல்லையென்று சொல்வதாகாது. மேலும், பந்தயச் சாலையில் ஓடுவோரையும் ஆகாயத்தை அடிக்கும் சிலம்பக்காரனையும் உவமை காட்டிய பவுல், விளையாட்டை உன்னித்துப் பார்த்தவராகவே இருந்திருத்தல் வேண்டும். சகரியா எட்டாம் அதிகாரம் மீட்கப்பெற்ற எருசலேமின் அடையாளமாகக் காட்டுவது, வீதிகள் நிறைய விளையாடும் ஆண்பிள்ளைகளையும் பெண்பிள்ளைகளையும்.

பிரிந்தவற்றை இணைக்கும் வாய்ப்பு இருபதாம் நூற்றாண்டில் நம் கைக்கு வந்தது. அதன் தொடக்கம் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரிலுள்ள ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி. ஜேம்ஸ் நைஸ்மித் என்பார் மாண்ட்ரீலில் இறையியல் பயின்று 1890இல் தேறியவர். நம் மாணவர்களைப் போன்ற ஒருவர் என்று கொள்ளலாம். குளிர்காலத்தில் உள்ளரங்கத்தில் அடைபட்டு, ஒரேமாதிரியான பயிற்சியில் சலித்துக் கலகம் செய்த பதினெட்டு இளைஞர் கொண்ட வகுப்பு 1891இல் அவரிடம் ஒப்புவிக்கப்பட்டது. புதியதோர் ஆட்டத்தைக் கண்டுபிடிக்குமாறு தலைவர் லூதர் கியூலிக் இரண்டு வாரத் தவணை கொடுத்தார். நைஸ்மித் சிக்கலைத் துண்டு துண்டாகப் பிரித்தார். காயம் ஏன் நேர்கிறது? பந்தோடு ஓடுவதால் மற்றவன் தடுத்து வீழ்த்துகிறான். ஆகவே பந்தோடு ஓடக்கூடாது. பந்தை ஏன் வன்மையாக எறிகின்றனர்? இலக்கு செங்குத்தாக நிற்பதால். ஆகவே இலக்கைத் தலைக்குமேல் கிடையாக வைத்தால் பந்து வளைந்து உயர்ந்து இறங்க வேண்டும், அதற்கு வலிமையினும் கணிப்பே தேவை. உள்ளரங்கின் மேன்மாடக் கைப்பிடி பத்தடி உயரத்தில் இருந்தது. பழக்கூடை அங்கே கட்டப்பட்டது. கூடைப்பந்தின் வளையம் இன்றும் பத்தடி உயரத்திலேயே நிற்கின்றது. வகுப்பில் பதினெண்மர் இருந்தமையால் அணிக்கு ஒன்பதின்மர். பதின்மூன்று விதிகள் எழுதி ஒட்டப்பட்டன. சிக்கலைத் தீர்ப்பதற்கு இதைவிடத் தெளிவான பாடத்தை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் நாம் கண்டதில்லை. நைஸ்மித் பின்னர் 1916இல் குருவாக அபிஷேகம் பெற்றார் என்பது நம் வாசகருக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

அதே ஸ்பிரிங்பீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் 1919இல் சென்னைக்கு வந்து, 1920இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். தொடக்கத்தில் மாணவர் ஐவரே. பின்னர் அது கல்லூரியாக வளர்ந்து, தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு உடற்பயிற்சி ஆசிரியர்களைத் தலைமுறை தலைமுறையாக அனுப்பிற்று. 1924இல் பாரிஸ் ஒலிம்பிக்கிற்குச் சென்ற இந்திய அணியோடு பக் சென்றார். 1943இல் மறையும்வரை இந்நாட்டிலேயே உழைத்தார். ஆட்டங்களின் விதிகளையும் களங்களின் அளவுகளையும் தொகுத்து அவர் வெளியிட்ட கையேடு அடிக்கணக்கும் அங்குலக்கணக்கும் நிறைந்தது. 'டிரில்' மாஸ்டர் போய், திடலை அளந்து கோடிடத் தெரிந்த ஆசிரியர் வந்தார். வாய்ப்பு என்று நாம் சொன்னது இதுவே.

வாய்ப்பு ஏன் கைகூடவில்லை என்பதற்கு ஓட்டப்பாதையின் சுண்ணாம்புக் கோடே போதிய சான்று. ஆண்டு விளையாட்டு விழாவிற்கு முந்தைய நாள், வட்டப்பாதையில் முழுச் சுற்று ஓடுவோருக்காக உடற்பயிற்சி ஆசிரியர் தொடக்கக் கோடுகளை ஒன்றைவிட ஒன்று முன்தள்ளி இடுகிறார். வெளிப்பாதை நீளமாதலால் அங்கே ஓடுபவனுக்கு இந்தச் சலுகை. எவ்வளவு தள்ள வேண்டும்? பாதையின் அகலம் ஒரு மீட்டராயின், ஒவ்வொரு பாதைக்கும் இரண்டு மடங்கு பையைப் பெருக்கி ஏறத்தாழ 6.28 மீட்டர். வியப்பு என்னவெனில், திடல் பெரிதாயினும் சிறிதாயினும் இத்தொகை மாறுவதில்லை. ஆரம் கணக்கிலிருந்து கழிந்துபோகின்றது. இதனை வகுப்பறையில் கரும்பலகையில் நிறுவினால் பத்தில் எட்டுப் பிள்ளைகள் கொட்டாவி விடுவர். திடலில் கயிற்றோடு நிறுத்தி, இருநூறு மீட்டர் பாதையிலும் நானூறு மீட்டர் பாதையிலும் அளக்கச் செய்தால் வாதாடுவர். உடற்பயிற்சி ஆசிரியருக்கு அட்டவணை தெரியும். கணக்கு ஆசிரியருக்குப் பை தெரியும். இருவரும் ஒரே பள்ளியில் முப்பதாண்டு பணிபுரிந்து ஓய்வுபெறுகின்றனர். ஒரு மாலையும் சேர்ந்து கோடிட்டதில்லை. இவ்வாறான பள்ளிகளை நாம் அறிவோம். நம் வாசகரும் அறிவர்.

செஞ்சியிலோ, இதற்குக் கோட்டையே பாடநூலாக நிற்கின்றது. இராஜகிரியின் உச்சியை அணுகுமிடத்தில் 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் உள்ள ஒரு பிளவு குறுக்கிடுகிறது. இயற்கையான அப்பிளவைக் கோட்டை கட்டியோர் மேலும் நீட்டி ஆழப்படுத்தி, மேலே மரப்பாலம் இட்டனர். பாலத்தை நீக்கிவிட்டால் தாண்ட முடியுமா? 24 அடி என்பது 7.32 மீட்டர். 1974இல் டெஹ்ரான் ஆசிய விளையாட்டில் டி.சி. யோகன்னான் தாண்டியது 8.07 மீட்டர், ஆகவே அவர் தாண்டியிருப்பார், காலுக்கும் விளிம்புக்குமிடையே இரண்டரை அடிக்குச் சற்றுக் குறைவாக மீதம் வைத்து. பள்ளித் திடலில் ஐந்து மீட்டர் தாண்டும் நல்ல மாணவனுக்கு ஏறத்தாழ ஏழரை அடி குறைகின்றது. அதுவும் திடலில் மண்குழியும் நீண்ட ஓடுபாதையும் உண்டு. மலைமேலே மூச்சிரைக்க ஏறிவந்து கவசத்தோடு நிற்கும் வீரனுக்கு அவை இல்லை. மனித உடலின் எல்லை எதுவென்று மதிப்பிட்டு, அதற்கு அப்பால் அப்பிளவை வைத்தவன் எழுதிய கணக்கு ஏடு எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை, பாறையே எஞ்சியுள்ளது. பிள்ளைகளைப் பள்ளித் திடலில் தாண்டச் செய்து, தூரங்களை எழுதிச் சராசரி கண்டு, பின்னர் மலையேற்றினால், அலகு மாற்றமும் சராசரியும் ஒப்பீடும் ஒருநாளிற் பதியும். இறங்கி வருகையில் படியொன்றின் உயரத்தை அளந்து படிகளை எண்ணச் சொல்லலாம். மலையின் உயரம் ஏறத்தாழ 800 அடி என்று நூல்கள் சொல்வதை அவர்களே சரிபார்க்கட்டும். படிகள் ஒரேயளவாக இல்லை என்று எவனாவது முறையிட்டால், அவனே அன்றைய சிறந்த மாணவன்.

அரசின் சிந்தனையும் மெல்ல இப்பக்கம் திரும்பியுள்ளது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை விளையாட்டோடு இணைந்த கற்றலைப் பற்றிப் பேசுகின்றது. அக்கொள்கையின் பிற கூறுகளைப் பற்றித் தமிழ்நாட்டிலுள்ள கருத்து வேறுபாடு நாம் அறிந்ததே. தொற்றுக் காலத்தில் பள்ளியிழந்த பிள்ளைகளுக்காகத் தமிழக அரசு தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' 2021 அக்டோபர் 27ஆம் நாள் இதே விழுப்புரம் மாவட்டத்தில், மரக்காணத்தையடுத்த முதலியார்குப்பத்தில் தொடங்கிவைக்கப்பெற்றது. தெருவிலும் திண்ணையிலும் தன்னார்வலர்கள் ஆட்டமும் பாட்டுமாகக் கற்பித்தனர். சுற்றி வந்து திண்ணையையே அடைந்தோம் என்று எண்ணத் தோன்றுகிறது. ஆனால் இம்முறை திண்ணையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இடமிருந்தது.

இறையியல் மாணவருக்கு இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். நம் சபைகள் பலவற்றில் ஆலயமும் தொடக்கப்பள்ளியும் ஒரே வளாகத்தில் உள்ளன. குருவானவரே பெரும்பாலும் தாளாளர். அவ்வளாகத்தின் வெற்றிடத்தில் கடைகள் கட்டி வாடகைக்கு விடலாம் என்ற யோசனை என்றேனும் ஒருநாள் அவருடைய குழுக் கூட்டத்துக்கு வரும். வருமானம் தேவையே, அதனை நாம் மறுக்கவில்லை. அக்கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னதாக, அந்நிலத்தை அளக்கும் பணியை ஐந்தாம் வகுப்பிடம் ஒப்புவிக்கலாம். 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்ட கபடிக்களம் அங்கே எத்தனை அடங்கும், கடைகள் வந்தபின் எத்தனை அடங்கும் என்று அவர்கள் கயிறு பிடித்துக் கணக்கிட்டு, தங்கள் கையெழுத்தில் எழுதித் தரட்டும். அத்தாள் குழுவின் முன் வைக்கப்பெற்று, நடவடிக்கைக் குறிப்பில் சேர்க்கப்பெறட்டும்.